75% தள்ளுபடி கேம்கள்: இந்த சேலில் எது, அடுத்த சேலுக்கு எது

விஷ்லிஸ்டில் இருபது கேம் கிடக்கிறது. சேல் தொடங்கியதும் அதில் பதினைந்துக்குப் பக்கத்தில் பச்சைக் கட்டம்: -60%, -75%, -85%. எல்லாமே பேர் வாங்கிய கேம்கள், எல்லாமே மலிவு. ஆனால் வாரத்துக்கு ஆறு மணி நேரம் விளையாடுகிறவர் இந்தப் பதினைந்தையும் முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அதே பச்சைக் கட்டம் எட்டுப் பத்து முறை வந்து போயிருக்கும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சேல் தானமில்லை, காசு கொடுத்து வாங்குவது. பல்லையும் பார்க்கலாம், வயதையும் கேட்கலாம், தொழுவத்தில் இடம் இருக்கிறதா என்றும் யோசிக்கலாம்.

கீழே பேசப்படுகிற கேம்களில் பெரும்பாலானவை நல்ல கேம்கள்தான். ஆகவே எது நல்லது என்பது இங்கே கேள்வியில்லை. இரண்டு நல்ல கேம்கள் ஒரே சேலில் நிற்கும்போது எதை இப்போது எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதுதான் கணக்கு. அதற்கு ஒரே அளவுகோல் போதும்: வாங்கிய 14 நாளுக்குள் இதைத் தொடங்குவீர்களா? கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ரீஃபண்ட் கேட்க அவ்வளவு நாள்தான் அவகாசம். தொடாமல் வைத்து 15-ஆம் நாளைத் தாண்டிவிட்டால், திறந்து பார்த்துப் பிடிக்காமல் போனாலும் அது உங்கள் தலையில்தான்.

விலை நிஜமாகவே இறங்கியிருக்கிறதா

சதவீதத்தை விட்டுவிட்டு, கடைசியில் கொடுக்கப்போகும் தொகையைப் பாருங்கள். முழு விலை 100 என்று வைத்துக்கொண்டால் 50% தள்ளுபடியில் 50, 75%-இல் 25. இந்த ஒரு படி இறங்கினால் விலை பாதியாகிறது. காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. 85%-இல் 15, 90%-இல் 10. இந்த ஐந்துக்காக ஆறு மாதம் காத்திருப்பது வீண் வேலை, விளையாடும் எண்ணம் இருந்தால் வாங்கிவிடலாம்.

ஒரு கேமின் விலை எப்படி ஏறி இறங்கியது என்பதை ஸ்டீம்டிபி தளம் கோடு போட்டுக் காட்டும். ஸ்டீம் தவிர மற்ற கடைகளையும் சேர்த்துப் பார்க்க ‘இஸ் தேர் எனி டீல்’ தளம் இருக்கிறது. அங்கே இரண்டு விஷயம் பார்த்தால் போதும்: இதுவரை வந்த மிகக் குறைந்த விலை என்ன, கடந்த ஓராண்டில் அந்த விலையை எத்தனை முறை தொட்டிருக்கிறது. மூன்று முறை தொட்டிருந்தால் நான்காவது முறையும் தொடும். அந்த கேமை இப்போது விட்டால் எதுவும் போய்விடாது.

ஸ்டீமில் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்காலம் என்று ஆண்டுக்கு நான்கு பெரிய சேல். இவை தவிர, ஒரு தள்ளுபடி முடிந்தால் அடுத்ததை வைக்க ஒரு கேம் 30 நாள் பொறுக்க வேண்டும் என்பது அங்கே விதி. பெரிய சேல்களுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு. முன்பெல்லாம் சில மணி நேரமே நீடிக்கும் திடீர் தள்ளுபடிகள் உண்டு. 2015-இன் இறுதியோடு அந்தப் பழக்கம் போயிற்று. இப்போது சேலின் முதல் நாள் என்ன விலையோ கடைசி நாளும் அதே விலை. எனவே முதல் நாளே ஐந்து கேம் வாங்கிக் குவிப்பதில் ஒரு பைசா லாபமில்லை. சேல் முடிவதற்குள் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கிற ஒரு மாலையில் வாங்கி, அன்றே திறந்து பாருங்கள். 14 நாள் கடிகாரம் வாங்கிய கணத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது.

காத்திருந்து பயனில்லாத கேம்களும் உண்டு. ஃபேக்டோரியோவை உருவாக்கியவர்கள் அதை ஒருபோதும் தள்ளுபடியில் விற்பதில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். சொன்னதோடு நிற்காமல் 2023 ஜனவரியில் விலையை ஏற்றவும் செய்தார்கள். இலவச டெமோ இருக்கிறது. அது பிடித்தால் என்றைக்கு வேண்டுமானாலும் முழு விலைக்கு வாங்கலாம். நின்டெண்டோவின் சொந்தத் தயாரிப்புகளும் ஏறத்தாழ இந்த ரகம்தான். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே அது அங்கே பெரிய சேல்.

இதற்கு எதிர்ப்பக்கம், அடுத்த சேலே வராத தள்ளுபடி. பாட்டுகளின் உரிமமோ கார்களின் உரிமமோ காலாவதியாகும்போது கேமைக் கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுப்பதற்கு முன் விலையைத் தரைக்கு இறக்குவதும் உண்டு. ஆலன் வேக் 2017 மே மாதம் இப்படித்தான் 90% தள்ளுபடியில் விற்கப்பட்டு மறைந்தது. பாட்டு உரிமங்களைப் புதுப்பித்த பிறகு 2018 அக்டோபரில் திரும்பி வந்தது. ஃபோர்சா ஹொரைசன் 4 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து போனது. ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்னும் விளையாடலாம். 14 நாள் அளவுகோலை நாங்கள் மீறச் சொல்வது இந்த ஒரு வகைக்கு மட்டும்தான்.

எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்பதும் விலைதான்

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். எபிக் கடையிலும் அதே 14 நாள், 2 மணி நேரம். கோக் (GOG) கடையில் 30 நாள். அதற்குள் இறக்கி விளையாடியிருந்தாலும் கேட்கலாம். போதாக்குறைக்கு அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலர் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், பூட்டு எதுவும் கிடையாது. பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் என்றாலும், டவுன்லோட் தொடங்கிவிட்டால் ரீஃபண்ட் வாய்ப்பு போய்விடும். பழுதான கேமுக்கு மட்டும் விலக்கு. நின்டெண்டோ ஈஷாப்பில் பொதுவாக விற்றது விற்றதுதான்.

இதன் பொருள்: ஒரே கேம் ஸ்டீமில் 30-க்கும் கன்சோல் கடையில் 25-க்கும் கிடைத்தால், சந்தேகத்துக்கு இடமான கேமை 30 கொடுத்து வாங்குவதே மலிவு. அந்த ஐந்து, சோதித்துப் பார்க்கும் உரிமைக்கான கட்டணம். ஏற்கெனவே டெமோ ஆடிப் பார்த்து நிச்சயமாக வேண்டும் என்று தெரிந்த கேமுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

வெளித்தளங்களில் மிக மலிவாக விற்கும் கீ (கேமை உங்கள் கணக்கில் சேர்க்கும் குறியீடு) பற்றி ஒரு வார்த்தை. கேம் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கடைகள் தருகிற கீயில் பிரச்சினை இல்லை. தனியாட்கள் கீ விற்கும் சந்தைகளில் வாங்கினால், திருட்டு அட்டையில் வாங்கிய கீயாக இருந்து பின்னால் ரத்தாகலாம். வேறு பகுதிக்கு மட்டும் செல்லுபடியாகும் கீயாகவும் இருக்கலாம். வெளியில் வாங்கிய கீக்கு ஸ்டீம் ரீஃபண்டும் கிடையாது.

பெரிய உலகங்கள்: விட்சர் 3, ரெட் டெட் 2, சைபர்பங்க்

சேல்களில் மிக அதிகம் வாங்கப்பட்டு, மிகக் குறைவாக முடிக்கப்படுவது இந்த ரகம்தான் என்பது எங்கள் கணிப்பு. மூன்றையும் சேர்த்து வாங்குவது மூன்று சாப்பாட்டை ஒரே இலையில் பரிமாறச் சொல்வது போல.

தி விட்சர் 3 (2015): மூலக்கதைக்கு மட்டும் சுமார் 50 மணி. ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன், பிளட் அண்ட் வைன் என்ற இரண்டு விரிவாக்கங்களும் சேர்த்து இன்னொரு 30. வாரம் ஆறு மணி என்றால் மூன்று மாதத்தைத் தாண்டும். விரிவாக்கங்கள் அடங்கிய கம்ப்ளீட் எடிஷனுக்கும் தனி கேமுக்கும் சேலில் பெரும்பாலும் சிறிய வித்தியாசமே இருக்கும்; எடுத்தால் கம்ப்ளீட்டை எடுங்கள். இந்த கேமின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று பிளட் அண்ட் வைன். அதை விட்டுவிட்டு வாங்குவது, பந்தியில் பாயசத்துக்கு முன் எழுந்து போவது.

2022 டிசம்பரில் வந்த இலவசப் புதுப்பிப்புக்குப் பிறகு பிசியில் இது திறக்கும்போதே, படம் வரையும் முறை டைரக்ட்எக்ஸ் 11-ஆ 12-ஆ என்று கேட்கும். நான்கைந்து ஆண்டு பழைய கிராஃபிக்ஸ் கார்டு என்றால் 11-ஐத் தேர்ந்தெடுங்கள். 12-இல் ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் காட்டும் முறை) கிடைக்கும், ஆனால் அதை அணைத்து வைத்தாலும் கார்டுக்கும் பிராசசருக்கும் சுமை கூடுதல்தான். ‘பழைய கேம்தானே, ஏன் திணறுகிறது’ என்று ரீஃபண்ட் கேட்கிறவர்களில் பலர் இந்த ஒரு தேர்வை மாற்றிப் பார்க்காதவர்கள்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: பிசிக்கு வந்தது 2019 நவம்பரில். கதைக்கு இதுவும் சுமார் 50 மணி. டிஸ்கில் 150 ஜிபி இடம் கேட்கிறது. ஸ்டீமில் வாங்கினாலும் ராக்ஸ்டார் லாஞ்சரும் (கேமைத் திறக்கும் தனி மென்பொருள்) ராக்ஸ்டார் கணக்கும் வேண்டும். இதன் சிக்கல் ரீஃபண்டுக்கான இரண்டு மணி நேர வரம்புதான். முதல் அத்தியாயம் முழுக்கப் பனிமலையில், கையைப் பிடித்து அழைத்துப் போவது போல ஒரே வழியில் நடக்கும். அதை முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். கேமின் நிஜ முகம், திறந்த வெளியில் குதிரையும் வேட்டையும் முகாமும், அதற்குப் பிறகுதான். ஆக இரண்டு மணி நேரச் சோதனையில் நீங்கள் பார்ப்பது வாங்கிய கேமையே அல்ல. அந்த முதல் அத்தியாயத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காமல், நடுப்பகுதியின் ஒரு முழு மிஷனை எடிட் செய்யாத வீடியோவாக இருபது நிமிடம் பாருங்கள். ஒரு மானைத் தோலுரிப்பதை, ஒரு அலமாரியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுப்பதை நிதானமாகக் காட்டும் கேம் இது. அந்த நிதானம் ரசிக்கும்படி இருந்தால் வாங்கலாம். கை பரபரத்தால் 80% தள்ளுபடியிலும் வேண்டாம்.

சைபர்பங்க் 2077 மூன்றிலும் சின்னது. மூலக்கதை 25 மணி அளவில் முடிந்துவிடும். 2020 டிசம்பரில் ஓட்டையும் உடைசலுமாக வந்து, பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே சில மாதம் நீக்கப்பட்ட கேம்தான். 2023 செப்டம்பரில் வந்த 2.0 புதுப்பிப்பு திறன் அமைப்பையும் காவல்துறை துரத்தலையும் புதிதாக எழுதியது. இங்கேதான் தள்ளுபடியில் மாட்டிக்கொள்கிறார்கள்: பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் அந்த 2.0 வரவில்லை, ஃபேண்டம் லிபர்ட்டி விரிவாக்கமும் வரவில்லை. பழைய கன்சோலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், எல்லோரும் இப்போது புகழ்கிற கேம் கைக்கு வராது.

மூன்றில் ஒன்று என்றால்? நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு, பிசி ஓரளவு புதிதாக இருந்தால், சைபர்பங்க். பழைய பிசிக்கும், பாதியில் விட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பக்கூடியவர்களுக்கும் விட்சர் 3. ஒவ்வொரு பக்கக் கதையும் ஒரு சிறுகதை போல முழுமையாக இருப்பதால் விட்ட இடத்தில் பிடிக்கலாம். ரெட் டெட் 2-ஐ ஒரு நீண்ட விடுமுறை வரும்போது வாங்குங்கள். அது எங்கும் போகாது.

அரைமணி நேர கேம்கள்: ஹேடீஸ், ஸ்லே தி ஸ்பையர்

இரண்டும் இறந்தால் முதலிலிருந்து தொடங்கும் வகை. இரண்டுமே 14 நாள் சோதனையில் எளிதாகத் தேறும், ஏனென்றால் இரண்டு மணி நேரத்தில் மூன்று நான்கு ரன் (தொடக்கத்திலிருந்து சாவு வரையிலான ஓர் ஆட்டம்) ஆடிவிடலாம். பிடிக்கிறதா இல்லையா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஹேடீஸ் (2020) விரல்களின் கேம். ஒரு ரன் 20 முதல் 40 நிமிடம். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கதை ஒரு அடி நகரும். மூலக்கதையின் முடிவைப் பார்க்கப் பத்து முறை தப்பித்தாக வேண்டும். கை வேகம் போதாது என்று தயங்குகிறவர்களுக்கு காட் மோடு இருக்கிறது: தொடக்கத்திலேயே 20% அடி குறையும், ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இன்னும் 2% குறையும், உச்சம் 80%. அதைப் போட்டுக்கொள்வதால் கதையில் எதுவும் விட்டுப்போகாது. கண்ட்ரோலர் இருந்தால் நல்லது.

ஸ்லே தி ஸ்பையர் (2019) சீட்டுக்கட்டு. நேர நெருக்கடியே கிடையாது. ஒரு கையில் தேநீரோடு ஆடலாம், நடுவில் அழைப்பு வந்தால் அப்படியே விட்டுப் போகலாம். முழு ரன்னுக்கு ஒரு மணி நேரம் ஆகும். பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் ஓடும். நான்கு பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 படிக் கடினம். நூறு மணி நேரம் கழித்தும் புதிதாக ஒரு தோல்வி கிடைக்கும்.

கதை வேண்டுமென்றால் முதலாவது, வெறும் விளையாட்டு வேண்டுமென்றால் இரண்டாவது. இரண்டையும் ஒரே சேலில் வாங்காதீர்கள். இந்த வகையில் ஒன்று பிடித்துக்கொண்டால் மற்றது மாதக்கணக்கில் தூங்கும்.

ஹாலோ நைட்டா, செலஸ்ட்டா

இரண்டும் பக்கவாட்டில் ஓடிக் குதிக்கும் கேம்கள், இரண்டும் கடினம், இரண்டும் அடிக்கடி பாதி விலைக்கும் கீழே வரும். ஆனால் கடினம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஹாலோ நைட்டில் (2017) வழி தெரியாமல் தவிப்பதே விளையாட்டின் பாதி. புது இடத்துக்குப் போனதும் வரைபடம் கிடையாது. எங்கோ முனகிக்கொண்டிருக்கும் வரைபடக்காரனைக் கண்டுபிடித்துக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடம் அதில் தெரிய வேண்டுமானால் அதற்குத் தனியாகத் திசைகாட்டித் தாயத்து ஒன்றை வாங்கி மாட்ட வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் பலர் கைவிடுவது இதைக் கவனிக்காமல்தான்: தொடக்க ஊருக்குத் திரும்பிப் போனால் அங்கே திறந்திருக்கும் வரைபடக் கடையில் அந்தத் தாயத்து கிடைக்கும். மூலக்கதைக்கு 25 மணிக்கு மேல். பின்னால் வந்த நான்கு கூடுதல் தொகுப்புகளும் விலையில் அடக்கம்.

செலஸ்ட்டில் (2018) வழி தொலைவதே அரிது. ஒரு திரை, ஒரு புதிர். விழுந்தால் ஒரு நொடியில் அதே திரையின் தொடக்கம். எட்டுப் பத்து மணியில் கதை முடியும். அசிஸ்ட் மோடில் கேமின் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், சாகாத வரமும் போட்டுக்கொள்ளலாம். நேரம் குறைவு, முடிக்கும் திருப்தி வேண்டும் என்றால் செலஸ்ட். ஹாலோ நைட்டை வாரத்துக்கு ஒருமுறை மட்டும் ஆடினால் எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துவிடும். அடுத்தடுத்த நாள்களில் உட்கார முடிகிற காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஒரே ஒருமுறை ஆடும் கேம்கள்

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு விலை என்று வகுத்துப் பார்ப்பவர்கள் இந்த ரகத்தை எப்போதும் தள்ளிவிடுவார்கள். அந்த வகுத்தல் கணக்கில் 150 மணி நேரம் ஒரே மாதிரி முகாமைப் பிடித்துக்கொண்டிருக்கும் கேம்தான் ஜெயிக்கும். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) எட்டு ஒன்பது மணி நேரம்தான்: ஒரு கப்பல், அறுபது பேர், ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேருக்குச் சரியாக எழுதினால்தான் கேம் ஒத்துக்கொள்ளும், ஆகவே குருட்டாம்போக்கில் அடிப்பது எளிதல்ல. இருநிறப் படம் சிலருக்குக் கண்ணை உறுத்தும். அதை முதல் அரைமணியிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அவுட்டர் வைல்ட்ஸ் (2019) இன்னும் விசித்திரம். ஆயுதமோ சக்தியோ எதுவும் சேராது. சேர்வது உங்கள் தலைக்குள் இருக்கும் தகவல் மட்டும். 22 நிமிடச் சுழலில் ஒரு சின்னச் சூரிய மண்டலம். இரண்டு மணி நேரத்தில் ஐந்து சுழல் ஆடியும் ‘என்ன செய்யச் சொல்கிறார்கள்’ என்று தோன்றினால் அது கேமின் குறையல்ல, ஆனால் உங்களுக்கு ஒத்துவராது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். இரண்டில் முதலில் ஓப்ரா டின். இரண்டையும் பற்றி எதையும் படிக்காமல் வாங்குங்கள். இந்தப் பத்தியே கொஞ்சம் அதிகம்தான்.

மலிவான கேம், விலையுயர்ந்த டிஎல்சி

சிவிலைசேஷன் 6 (2016) சேலில் அடிமட்ட விலைக்கு வரும். அடிப்படை கேம் தூண்டில். மீன் டிஎல்சி (கேமுக்குத் தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள்) பக்கத்தில் மாட்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரைஸ் அண்ட் ஃபால் (2018), கேதரிங் ஸ்டார்ம் (2019) என்று இரண்டு பெரிய விரிவாக்கங்கள். பிந்தியதை வாங்கினால் முந்தியதன் ஆட்ட விதிகள், அதாவது விசுவாசம், ஆளுநர்கள், பொற்காலம், எல்லாம் அதிலேயே வந்துவிடும். முந்தியதை வாங்காவிட்டால் கிடைக்காதது அதில் வந்த நாடுகளும் தலைவர்களும் மட்டும். ஆக, அடிப்படை கேமோடு கேதரிங் ஸ்டார்ம் ஒன்றே போதும். எல்லாம் அடங்கிய ஆன்தாலஜி தொகுப்பு இந்த இரண்டின் கூட்டு விலையைவிட ரொம்ப அதிகமில்லை என்றால் அதை எடுக்கலாம். இரண்டு மடங்கு என்றால் வேண்டாம்.

கூடையில் போடும் முன் கேமின் பக்கத்தில் கீழே இறங்கி டிஎல்சி பட்டியலின் மொத்தத் தொகையைப் பாருங்கள். அந்தப் பட்டியலில் உடை, பாடல் தொகுப்பு, ஓவியப் புத்தகம் மாதிரியானவற்றைக் கழித்துவிட்டு, ஆட்டத்தை மாற்றுகிறவை எவை என்று எண்ணுங்கள். பெயரில் டீலக்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் கழித்துவிட வேண்டியவைதான் உள்ளே இருக்கும். கம்ப்ளீட், டெஃபினிட்டிவ் என்று இருந்தால் பெரும்பாலும் விரிவாக்கங்கள் இருக்கும். பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஸ்டீம் பண்டிலில் (பல கேம்களைச் சேர்த்து விற்கும் தொகுப்பு) ஏற்கெனவே உங்களிடம் உள்ள கேமின் விலையைக் கழித்துவிட்டு மீதிக்குப் பண்டில் தள்ளுபடியைப் போடுவார்கள். சேல் தள்ளுபடியின் மேல் இதுவும் சேரும். எனவே தொடரின் ஒரு கேம் உங்களிடம் இருந்தால், அடுத்ததைத் தனியாக வாங்கும் முன் பண்டிலின் மிச்ச விலையை ஒருமுறை ஒப்பிடுங்கள். பண்டிலுக்கும் ரீஃபண்ட் உண்டு, ஆனால் எல்லா கேமும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும்.

சந்தா வைத்திருப்பவர்கள் கவனிக்க: கேம் பாஸ் மாதிரி சந்தாவில் உள்ள கேமுக்கு டிஎல்சி மட்டும் மலிவாக வாங்கி வைத்தால், ஒருநாள் அந்த கேம் சந்தாவிலிருந்து போகும்போது டிஎல்சி கையிலிருக்கும், அதை மாட்ட அடிப்படை கேம் இருக்காது. ஒரு மாதத்துக்குள் முடிக்கக்கூடிய கேமுக்கு சந்தா லாபம். வருடம் முழுக்கத் தொட்டுத் தொட்டு ஆடும் சிவிலைசேஷன், ஸ்டார்டியூ வேலி போன்றவற்றை வாங்கிவிடுவது லாபம்.

ஆன்லைன் மட்டும் என்றால்

இங்கே 90% தள்ளுபடி பெரும்பாலும் எச்சரிக்கை மணி. உபிசாஃப்டின் தி க்ரூ 2023 டிசம்பரில் கடையிலிருந்து நீக்கப்பட்டு, 2024 மார்ச் இறுதியில் சர்வர் அணைக்கப்பட்டது. தனியாளாக ஆடியவர்களுக்கும் அத்தோடு முடிந்தது. வாங்கும் முன் ஸ்டீம்டிபியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று நீங்கள் விளையாடும் நேரத்திலேயே பாருங்கள். 24 மணி நேர உச்சமே சில நூறு என்றால் ஆள் சேர்வதற்குள் சலித்துவிடும். நண்பர்கள் மூன்று பேர் நிச்சயமாக வருகிறார்கள் என்றால் கதை வேறு.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது

மொத்த மதிப்பெண்ணைவிட அதன் பக்கத்தில் இருக்கும் ‘சமீபத்திய’ மதிப்பெண் முக்கியம். அது கடைசி 30 நாளைச் சொல்கிறது. மொத்தம் நன்றாக இருந்து சமீபத்தியது சரிந்திருந்தால் ஏதோ ஒரு புதுப்பிப்பு எதையோ உடைத்திருக்கிறது, அல்லது புதிதாக ஒரு லாஞ்சர் திணிக்கப்பட்டிருக்கிறது. எதிர்மறை விமர்சனங்களை மட்டும் வடிகட்டி, பத்து மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் எழுதியதை ஐந்து படியுங்கள். அந்த ஐந்தில் சொல்லும் குறை உங்களுக்குக் குறையாகவே படவில்லை என்றால், ஆயிரம் புகழுரையைவிட அது நல்ல சிபாரிசு. ‘கதை அதிகம், சண்டை குறைவு’ என்ற புகார் சிலருக்கு விளம்பரம். ஒரு மணி நேரத்துக்குள் எழுதப்பட்டவற்றைத் தொழில்நுட்பக் கோளாறு எத்தனை பேருக்கு என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் கார்டின் பெயரைப் போட்டுத் தேடினால் பிசி கேமிங் விக்கியில் தீர்வும் பல நேரம் கிடைக்கும். எத்தனை மணி நேரம் ஆகும் என்பதற்கு ‘ஹவ் லாங் டு பீட்’ தளத்தில் மூலக்கதை, மூலக்கதையோடு கூடுதல், முழுமை என்று மூன்று எண் இருக்கும். நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மணி

கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும். லாஞ்சர் திறந்து கிடந்தாலும், ஷேடர் தயாராகிறது என்று பத்து நிமிடம் கோடு ஊர்ந்தாலும், மெனுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த 120 நிமிடத்தில்தான் கழியும். ஆகவே கேமை முழுதாக இறக்கி முடித்து, கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த பிறகே முதன்முறை திறவுங்கள்.

முதல் பதினைந்து நிமிடம் செட்டிங்ஸுக்கு. சப்டைட்டில் எழுத்து உட்காரும் தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா, கண்ட்ரோலர் பிடிக்கிறதா, பட்டன்களை மாற்ற விடுகிறதா. கிராஃபிக்ஸை நடுத்தரத்தில் வைத்துத் தொடங்குங்கள். உச்சத்தில் வைத்துத் திணறினால் குற்றம் கேமுடையதா செட்டிங்குடையதா என்று தெரியாது. அடுத்து ஒரு மணி நேரம் ஆட்டம், அதில் குறைந்தது ஒரு கூட்டமான இடம் அல்லது பெரிய சண்டை வர வேண்டும். ஃப்ரேம் விழுவது, அதாவது படம் தடுமாறுவது, அங்கேதான் தெரியும். பிறகு சேவ் செய்து, முழுதாக மூடி, மறுபடி திறந்து பாருங்கள். சேவ் எங்கே வேண்டுமானாலும் செய்யலாமா, குறிப்பிட்ட இடத்தில் மட்டுமா என்பது வாரநாள்களில் ஆடுகிறவர்களுக்குக் கதையைவிட முக்கியம்.

1 மணி 40 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். அன்றைக்கே முடிவெடுக்க வேண்டாம். அடுத்த இரண்டு நாளில் அந்த கேம் தானாக நினைவுக்கு வந்து, திறக்க வேண்டும் என்று கை போனால் வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் ஸ்டீமில் உதவிப் பகுதிக்குப் போய், வாங்கியவற்றில் அந்த கேமைத் தேர்ந்தெடுத்து, ரீஃபண்ட் கேட்டு, வாலட்டுக்கா பணம் கொடுத்த வழிக்கா என்பதைக் குறித்து அனுப்பிவிடலாம். ஒரு கேமை வாங்கிய சில நாளில் அது சேலுக்கு வந்துவிட்டாலும் இதே வழிதான்: 14 நாளும் 2 மணியும் தாண்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். அதைத் தவறான பயன்பாடாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமின் ரீஃபண்ட் விதியிலேயே எழுதியிருக்கிறது.